டிரைவர் சம்பளத்தைப் பிடிக்கறதுக்கா ஆயில் டெஸ்ட்?

கொஞ்சம் காட்டமான பதிவு. பி.பி. இருக்கறவங்க மாத்திரை போட்டுட்டு வரவும் :-)

எங்க ஊர்ப் பக்கம் (நாரணாபுரம்ங்க, சிவகாசிக்கு ஒட்டுனாப்புல) சில லாரி செட்டுகள்ல ஒரு பழக்கம் வந்திருக்கு. இன்ஜின் ஆயிலை வடிக்கும்போது ஒரு சின்ன பாட்டில்ல கொஞ்சம் பிடிச்சு லேபுக்கு அனுப்புறாங்க. நாலஞ்சு நாள்ல ஒரு தாள் வருது. இரும்பு இத்தனை, செம்பு இத்தனை, சிலிக்கான் இத்தனைன்னு வரிசையா எண்கள். சில எண் பச்சையில, சிலது மஞ்சள்ல, சிலது சிவப்புல. நமக்கெல்லாம் நாப்பது வயசுக்கு மேல ரத்தம் எடுத்துக் குடுப்பாங்களே ஒரு தாள், அச்சு அசல் அதே மாதிரி.

டெஸ்ட் நல்ல விஷயம்தான். அதுல எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்ல. அந்தத் தாளை வாசிக்கிற விதம்தான் வயித்தெரிச்சல். சிவப்பு எழுத்தைப் பாத்ததும் முதலாளியோட கை நேரா டிரைவர் சம்பளத்துக்குப் போகுது. "நீ ஒழுங்கா வண்டி ஓட்டலை, பாரு லேபே சொல்லிருச்சு." ஒரு தாள், ஒரு தீர்ப்பு, ஒரு அபராதம். முடிஞ்சது கேஸு.

என் கட்சி இதுதான்: ஒத்தை ஆயில் ரிப்போர்ட்டை வச்சு எந்த டிரைவர் மேலயும் குத்தம் சொல்ல முடியாது. அப்படிச் சொல்றவர் ரிப்போர்ட்டை வாசிக்கல, தன் மனசுல இருக்கறதை அதுல வாசிக்கிறார்.

"நீ என்ன லாரி ஓனரா?"ன்னு கேப்பீங்க. இல்லீங்க. ஆப்செட் அச்சகத்துல மெயின்டனன்ஸ் வேலை. ஜெனரேட்டர் என் பொறுப்பு. 2008-க்கு அப்புறம் தமிழ்நாடே கரண்ட் கட்டுல கிடந்துச்சே, அந்த வருஷங்கள்ல எங்களுக்குச் சோறு போட்டது அந்த டீசல் இன்ஜின்தான். அதோட ஆயில் தாள்களை அப்போலேர்ந்து ஃபைல் போட்டு வச்சிருக்கேன். லாரி இன்ஜினும் அதே ஜாதிதான். அது ரோட்டுல ஓடுது, இது ஷெட்டுல நின்னபடி ஓடுது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பூச்சட்டிக்காரனுக்குப் புரியுற மாதிரி

இந்த டெஸ்ட் எப்படி நடக்குதுன்னு சிவகாசிக்காரனுக்குச் சொல்ல ரெண்டு நிமிஷம் போதும். பட்டாசுல ஸ்ட்ரான்சியம் உப்பு எரிஞ்சா சிவப்பு. பேரியம் எரிஞ்சா பச்சை (2018-ல சுப்ரீம் கோர்ட் பேரியத்துக்குத் தடை போட்டதை எங்க ஊர்ல சின்னப் பிள்ளையும் சொல்லும்). செம்பு நீலம். சோடியம் மஞ்சள். ஒவ்வொரு தனிமத்துக்கும் எரியும்போது தனி நிறம் உண்டு.

லேப் மிஷின் பண்றதும் இதையேதான். ஒரு சின்ன கரித்தட்டு சுத்திக்கிட்டே ஆயிலை மெல்லிசா எடுத்துட்டு வரும். மேலேர்ந்து மின்பொறி அடிக்கும். வேற வகை மிஷின்ல ஆர்கான் வாயுவைப் பயங்கரமாச் சூடேத்தி அதுக்குள்ள ஆயிலைப் பீச்சுவாங்க. ரெண்டுலயும் வர்ற வெளிச்சத்தைப் பிரிச்சு, எந்த நிறம் எவ்வளவுன்னு அளந்தா, எந்த உலோகம் எவ்வளவுன்னு தெரிஞ்சிரும். பத்து லட்சம் பங்கு ஆயில்ல எத்தனை பங்குன்னு கணக்கு. அதைத்தான் பிபிஎம்னு போடறாங்க.

இப்ப ஒரு கேள்வி. தீபாவளி ராத்திரி வானத்துல சிவப்பு வெடிச்சா, அதுல ஸ்ட்ரான்சியம் இருக்குன்னு நீங்க சொல்லலாம். அது எந்த ஆலையில, எந்த அறையில, யார் கையால அடைச்ச மருந்துன்னு நிறத்தைப் பாத்துச் சொல்ல முடியுமா? முடியாதுல்ல? அதே மாதிரிதான் ஆயில்ல சிலிக்கான் இருக்குன்னு மிஷின் சொல்லும். அது எந்த வழியா வந்துச்சு, யாரால வந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கறது மனுஷன் வேலை. அந்த வேலையை யாரும் பண்றதில்லைங்கறதுதான் என் புகார்.

பதினெட்டாயிரம் ரூபாய் ரிப்போர்ட்

பேர் வேண்டாம். எங்க தெருக்காரர், அம்பது வயசுக்கு மேல ஆச்சு. பன்னெண்டு சக்கர வண்டியில காலண்டர் லோடு, பட்டாசு லோடு ஏத்திக்கிட்டு வடக்கே போறவர். அவர் வண்டிக்கு வந்த ரிப்போர்ட் இது:

இரும்பு 132. சிலிக்கான் 46. அலுமினியம் 2. குரோமியம் 1. செம்பு 9. ஈயம் 3. சோடியம் 6.

இரும்பும் சிலிக்கானும் சிவப்பு. கீழ ஒரு வரி: "தூசி உட்புகுந்திருக்கலாம், ஏர் ஃபில்டரைச் சோதிக்கவும்." 'இருக்கலாம்'னுதான் லேப் போட்டிருக்கு. முதலாளி அதை 'இருக்கு'ன்னு படிச்சாரு. "ஏர் ஃபில்டரைக் கவனிக்காம ஓட்டி இன்ஜினைக் கெடுத்துட்ட. பதினெட்டாயிரம் ரூபாய், மாசம் ஆறாயிரமா மூணு மாசம் பிடிச்சுக்குறேன்." அவ்வளவுதான் விசாரணை.

அந்தத் தாளை என்கிட்ட கொண்டாந்து காட்டுனார். பாத்ததும் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கல. ஏன்னு வரிசையாச் சொல்றேன்.

ஒண்ணு, சிலிக்கான். ரோட்டுத் தூசின்னா மண்ணு. மண்ணுல சிலிக்கான் தனியா வராது, அலுமினியத்தையும் சேத்துக் கூட்டிக்கிட்டுத்தான் வரும். கரிசலாகட்டும் செம்மண்ணாகட்டும், களி கலந்த எந்த மண்ணும் அப்படித்தான். சாதாரணமா தூசி உள்ள போனா, அலுமினியம் ஒரு பங்குன்னா சிலிக்கான் ரெண்டு பங்குலேர்ந்து பத்துப் பங்குக்குள்ள நிக்கும். இங்க 46-க்கு 2. அதாவது இருபத்துமூணு மடங்கு! இது என்ன மண்ணு, சந்திரன்லேர்ந்து வந்துச்சா?

சரி, வெறும் மணல்தான் உள்ள போச்சுன்னே வச்சுக்குவோம். மணல் சும்மா இருக்குமா? உப்புத்தாள் மாதிரி ரிங்கையும் பிஸ்டனையும் ராவி எடுத்திருக்கும். ரிங் தேஞ்சா குரோமியம் ஏறும், பிஸ்டன் தேஞ்சா அலுமினியம் ஏறும். ரெண்டும் இங்க தரையில கிடக்கு.

அப்ப சிலிக்கான் எங்கேர்ந்து வந்துச்சு? வண்டியோட கதையைக் கேட்டேன். அந்த ஆயிலை ஊத்துறதுக்கு முன்னாடிதான் ஒழுக்குன்னு ஆயில் சேம்பரை இறக்கி வேலை பாத்திருக்காங்க. கேஸ்கட் போதாதுன்னு பேஸ்டைத் தாராளமா அப்பியிருக்காங்க (நம்ம பட்டறைக்காரங்க பேஸ்ட் அப்புறதைப் பாத்தா கல்யாண வீட்டுல சந்தனம் பூசற மாதிரி இருக்கும்). அந்தப் பேஸ்ட் என்ன? சிலிக்கான் ரப்பர்! புதுசா போட்ட பேஸ்ட்லேர்ந்து சிலிக்கான் ஆயில்ல இறங்கும். இன்ஜினைத் தேய்க்காது. ஆயில் மாத்த மாத்தத் தானா குறையும். இது ஆயில் டெஸ்ட் பாக்கறவங்களுக்குப் பாலபாடம்.

ரெண்டு, இரும்பு. 132-ன்னா அதிகமா குறைவா? தெரியாது. ஆமாங்க, தெரியாதுங்கறதுதான் சரியான பதில். எத்தனை கிலோமீட்டர் ஓடுன ஆயில்னு தெரியாம அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. லேபுக்குப் போன படிவத்துல கிலோமீட்டர் கட்டம் காலி! டிரைவர் கிட்ட டைரி இருந்துச்சு. ஆயில் ஓடுனது 44,000 கிலோமீட்டர். ஆயிரம் கிலோமீட்டருக்கு 3 பிபிஎம். அதே செட்டுல இன்னொரு வண்டி, இரும்பு 70, சிவப்பு கிடையாது, "குட்". அந்த ஆயில் ஓடுனது 14,000 கிலோமீட்டர். ஆயிரத்துக்கு 5. எந்த இன்ஜின் வேகமா தேயுது, நீங்களே சொல்லுங்க. தேய்மானம் ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி ஏறாதுதான், ஒத்துக்குறேன். ஆனா கிலோமீட்டரால வகுத்துக்கூடப் பாக்காம ஒருத்தருக்கு ஷொட்டு, ஒருத்தருக்குக் குட்டுன்னா இது என்ன நியாயம்?

இன்னொண்ணும் கேக்கணும். 44,000 வரைக்கும் ஆயிலை மாத்தாம ஓட்டச் சொன்னது யாரு? டிரைவரா?

போன தடவை எவ்வளவு?

இந்த டெஸ்டைக் கண்டுபிடிச்சு வளத்தது லாரிக்காரங்க இல்ல, ரயில்காரங்க. அமெரிக்காவுல டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் ரயில் கம்பெனி 1940-கள்ல டீசல் இன்ஜின் ஆயில்ல உலோகத்தை அளந்து, எந்த இன்ஜின் படுக்கப் போகுதுன்னு முன்கூட்டியே சொல்ல ஆரம்பிச்சாங்க. அப்புறம் அமெரிக்க ராணுவம் விமான இன்ஜினுக்கு எடுத்துக்கிச்சு. நம்ம ரயில்வேயும் டீசல் லோகோ ஷெட்டுகள்ல இதுக்குன்னே லேப் வச்சிருக்கு. பொன்மலை, ஈரோடு ஷெட்டுகள்ல வேலை பாத்தவங்க இதைப் படிக்கிறீங்கன்னா என்னைவிட நல்லாச் சொல்லுவீங்க.

ரயில்வே முறையோட உயிரே ஒரே ஒரு கேள்விதான்: "இதே இன்ஜினுக்குப் போன தடவை எவ்வளவு?" போன தடவை 20, அதுக்கு முந்தி 19, இப்ப 60-ன்னா இன்ஜினைப் பிரிச்சுப் பாக்கணும். போன தடவை 62, அதுக்கு முந்தி 58, இப்ப 60-ன்னா அது அந்த இன்ஜினோட சுபாவம். சில பேருக்கு உடம்புச் சூடு எப்பவுமே கொஞ்சம் கூட இருக்கும், அது காய்ச்சல் இல்லையே.

நான் சொல்ற வண்டிக்கு அதுதான் முதல் ரிப்போர்ட். முந்தினது இல்ல. புது ஆயில்ல என்ன இருந்துச்சுன்னும் யாரும் பாக்கல. இதையும் சொல்லணும், டப்பாவுல வர்ற புது ஆயில்லயே கால்சியம், துத்தநாகம், பாஸ்பரஸ் எல்லாம் வேணும்னே போட்டிருப்பாங்க. நுரை வராம இருக்கறதுக்குக் கொஞ்சம் சிலிக்கானும் இருக்கும். புது ஆயில் அளவு தெரியாம பழைய ஆயிலைப் பத்திப் பேசறது, மூட்டையோட எடை தெரியாம அரிசி எடை போடற மாதிரி.

பச்சைத் தாளும் பொய் சொல்லும்

சிவப்பைப் பாத்துப் பதறுறவங்க, பச்சையைப் பாத்து நிம்மதியாத் தூங்கிடறாங்க. அது இதைவிட ஆபத்து.

ஆயிலோட கெட்டித்தன்மையை எடுத்துக்குங்க. 15டபிள்யூ-40 ஆயில்னா 100 டிகிரி சூட்டுல 12.5-லேர்ந்து 16.3 சென்டிஸ்டோக்குக்குள்ள இருக்கணும். இன்ஜெக்டர் ஒழுகி டீசல் கலந்தா ஆயில் நீர்த்துப் போகும். புகைக்கரி சேந்தா கெட்டியாகும். ரெண்டும் ஒரே நேரத்துல நடந்தா? ஒண்ணு இறக்கும், ஒண்ணு ஏத்தும், கடைசியில 14-ன்னு அழகா பச்சையில வந்து நிக்கும். உள்ள ரெண்டு வியாதி, வெளிய "நார்மல்". டீசல் கலப்பும் கரியும் தனித்தனியா எவ்வளவுன்னு பாக்காதவனுக்கு இது தெரியவே தெரியாது.

அடுத்தது, இந்த வெளிச்ச மிஷினுக்குப் பெரிய துகள் கண்ணுக்குத் தெரியாது. அஞ்சுலேர்ந்து பத்து மைக்ரானுக்கு மேல போனா அது சரியா எரியாது, எண்ணுல வராது. தலைமுடியோட கனம் சுமார் எழுபது மைக்ரான், கணக்குப் போட்டுக்குங்க. பேரிங் செதில் செதிலா உரிஞ்சுக்கிட்டிருந்தாலும் ரிப்போர்ட் சாதுவா இருக்க வாய்ப்பு இருக்கு. அதைப் பாக்கணும்னா கழட்டுன ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்பை விரிச்சு, வெளிச்சத்துல பாக்கணும். மினுமினுன்னு தெரியும். செலவு என்ன? ஒரு ஆக்ஸா பிளேடு. எத்தனை பட்டறையில பண்றாங்க?

மூணாவது, ஆயில் குடிக்கிற இன்ஜின். வாரா வாரம் ரெண்டு லிட்டர் புது ஆயில் ஊத்திக்கிட்டே இருந்தா தேஞ்ச உலோகமெல்லாம் நீர்த்துப் போகும். இருக்கறதுலயே நோயாளி இன்ஜினுக்கு இருக்கறதுலயே அழகான ரிப்போர்ட் வரும்! டாப்-அப் கணக்கு எழுதலைன்னா லேப்காரரால இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

தனித்தனியா வாசிக்காதீங்க

எண்களைக் கூட்டமா வாசிக்கணும். செம்பு மட்டும் எகிறியிருந்தா, அதுவும் புது வண்டியில, பெரும்பாலும் ஆயில் கூலரோட செம்பு ஆயில்ல கரையுறதுதான். நூத்துக்கணக்குல போய் தானா அடங்கும். செம்போட ஈயமும் வெள்ளீயமும் சேந்து ஏறுனா பேரிங் பக்கம் பாக்கணும். செம்பைப் பாத்த உடனே "பேரிங் போச்சு"ன்னு இன்ஜினை இறக்குறவர்கிட்ட ஈயம் எவ்வளவுன்னு கேளுங்க. முழிப்பார்.

சோடியமும் பொட்டாசியமும் சேந்து ஏறுனா ரேடியேட்டர் கூலன்ட் உள்ள வருதான்னு சந்தேகப்படலாம். சோடியம் மட்டும்னா அது அந்த ஆயிலோட சேர்மானமாவே இருக்கலாம், இல்லேன்னா வண்டி தூத்துக்குடி உப்பளப் பக்கம் ஓடுன வண்டியான்னு கேக்கலாம். பொட்டாசியத்தோட அலுமினியம் மட்டும் ஏறி, வண்டியும் புதுசா இருந்தா, டர்போ காத்தைக் குளிர வைக்கிற கூலரைப் பத்த வச்ச பொடியோட மிச்சமா இருக்கலாம். பொட்டாசியம்னதும் நமக்கு வெடியுப்பு ஞாபகம் வரும், அது இங்க எடுபடாது :-)

எந்த இன்ஜின், எந்தத் தலைமுறைங்கறதும் முக்கியம். 2020 ஏப்ரல்லேர்ந்து பிஎஸ்-6. டீசல்ல கந்தகம் 10 பிபிஎம்தான். பிஎஸ்-3 காலத்துல 350 இருந்துச்சு. கந்தகம் குறைஞ்சா அமிலம் குறையும், ஆயில்ல அமிலத்தை முறிக்கிற காரச் சத்து (ரிப்போர்ட்ல டிபிஎன்னு இருக்கும்) மெதுவாத்தான் கரையும். பிஎஸ்-6 வண்டிக்கு ஊத்துற சிகே-4 ஆயிலே சாம்பல் குறைவா இருக்கற மாதிரி செஞ்சது. பழைய வண்டிக்கு எழுதி பட்டறைச் சுவத்துல ஒட்டுன அளவுப் பட்டியலை வச்சுக்கிட்டு புது வண்டியை அளந்தா, அம்மாவோட பிளவுஸ் அளவுல மகளுக்குத் தைக்கற கதைதான்.

விரலும் மூக்கும் போதும்ங்கறவங்களுக்கு

"அப்ப இந்த டெஸ்டே வேண்டாம். எங்க மேஸ்திரி விரல்ல தேச்சுப் பாத்தே சொல்லிருவாரு"ன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். அவங்க பக்கம் நான் இல்லீங்கோ. "ஆயில் கறுத்துப் போச்சு, மாத்து"ங்கறது டீசல் இன்ஜின் பத்தின பெரிய மூடநம்பிக்கை. டீசல் வண்டியில புது ஆயில் ஊத்தி கொஞ்ச தூரம் ஓடுனாலே கறுத்துரும். எரியும்போது வர்ற கரியை ஆயில் தன்கிட்ட வாங்கி மிதக்க விடுது, அதுதான் அதோட வேலை. கறுப்பு அது வேலை செய்யுதுன்னு காட்டுது. கரி எவ்வளவு, டீசல் எவ்வளவு, தண்ணி எவ்வளவுன்னு விரலுக்குத் தெரியாது.

டெஸ்ட் வேணும். அதை ஒழுங்காச் செய்யணும். அவ்வளவுதான்.

முதலாளி பக்கமும் பேசுவோம்

முதலாளிக்கும் கஷ்டம் இருக்கு. மாசாமாசம் டியூ கட்டணும், டயர், இன்சூரன்ஸ், டோல். இன்ஜின் படுத்தா வண்டியும் நிக்கும், லோடும் போகும். தீபாவளி சீசன்ல ஒரு வாரம் வண்டி நின்னா என்ன ஆகும்னு எங்க ஊர்ல யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. டிரைவர்கள்லயும் அலட்சியமானவங்க உண்டு, ஆயில் லைட் எரிஞ்சும் அடுத்த ஊர் வரை போவோம்னு மிதிக்கறவங்க உண்டு. எல்லாம் வாஸ்தவம்.

ஆனா ஒரு வாதத்துக்கு, அந்த வண்டியில உண்மையாவே தூசிதான் புகுந்துச்சுன்னு வச்சுக்குங்க. அப்பவும் டிரைவர்தான் காரணம்னு எப்படிச் சொல்வீங்க? டர்போவுக்குப் போற ஹோஸ் கிளாம்ப் தளர்ந்திருக்கலாம். ஃபில்டர் போலி மாலா இருக்கலாம். இல்ல, புது ஃபில்டர் கேட்டப்ப "இன்னும் ஒரு டிரிப் ஓட்டு, காத்து அடிச்சுப் போடு"ன்னு முதலாளியே சொல்லியிருக்கலாம். காகித ஃபில்டரை கம்ப்ரசர் காத்துல அடிச்சு அடிச்சுப் போட்டா காகிதம் பொத்துக்கும், சுத்தம் பண்றோம்னு தூசிக்கு வாசல் திறந்து விடறோம். ஃபில்டர் வாங்கற காசு டிரைவர் கையிலயா இருக்கு? ஆயில் பிராண்டை முடிவு பண்றது, மாத்தற கிலோமீட்டரை முடிவு பண்றது, பட்டறையை முடிவு பண்றது எல்லாம் முதலாளி. சிவப்பு எழுத்து வந்தா மட்டும் டிரைவர். நல்லா இருக்குய்யா!

சட்டமும் இதை ஒத்துக்காது. சேதத்துக்காகச் சம்பளத்துல பிடிக்கணும்னா அது தொழிலாளியோட கவனக்குறைவால நேரடியா வந்ததா இருக்கணும், நஷ்டத்துக்கு மேல பிடிக்கக் கூடாது, பிடிக்கறதுக்கு முன்னாடி அவர் தரப்பு விளக்கத்தைக் கேக்கணும். 1936-ஆம் வருஷத்து ஊதியம் வழங்கல் சட்டத்துலயே இது இருந்துச்சு, 2019-ல வந்த ஊதியச் சட்டத் தொகுப்புலயும் இருக்கு. இந்த வண்டியில நஷ்டம் எவ்வளவு? சைபர். இன்ஜினை இறக்கவே இல்லையே! அப்புறம் எதுக்குப் பதினெட்டாயிரம்?

என்ன பண்ணலாம்

வெறும் திட்டு மட்டும் இல்லாம உருப்படியாவும் கொஞ்சம் சொல்லிடறேன்.

1. வண்டி ஓடி வந்த சூட்டுலயே ஆயில் பிடிங்க. முதல்ல கொட்டுறதை விட்டுட்டு நடுவுல வர்றதைப் பிடிங்க. பத்து நாளா நின்ன வண்டியோட சேம்பர் அடிக்கசடைப் பிடிச்சா கசடுக்குத்தான் ரிப்போர்ட் வரும். பாட்டில் லேப் குடுத்த சுத்தமான பாட்டிலா இருக்கணும், டீக்கடையில பொறுக்குன தண்ணி பாட்டில் கூடாது.

2. படிவத்துல இன்ஜின் மாடல், இன்ஜின் ஓடுன கிலோமீட்டர், அந்த ஆயில் ஓடுன கிலோமீட்டர், டாப்-அப் எத்தனை லிட்டர், கடைசியா என்ன வேலை பாத்தீங்க, எல்லாத்தையும் எழுதுங்க. அதுல பாதி விவரம் டிரைவர் டைரியிலதான் இருக்கும். அவரைக் கூட வச்சுக்கிட்டு நிரப்புங்க.

3. புது ஆயிலுக்கும் ஒரு தடவை டெஸ்ட் பண்ணுங்க.

4. ஒரே வண்டிக்கு மூணு தாளாவது சேர்ற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க. (ஆயில்ல கூலன்ட் வந்த மாதிரி அவசரம்னா உடனே மறு சாம்பிள் எடுங்க. அதுக்கும் பதில் ரேடியேட்டர்ல தேடணும், சம்பளப் பட்டியல்ல தேடக் கூடாது.)

5. ரிப்போர்ட்டோட நகல் ஒண்ணு டிரைவருக்குக் குடுங்க. அந்த இன்ஜின் சத்தத்தை ராத்திரி பகலாக் கேக்கறவர் அவர்தான். "இந்த மாசம் ஏத்தத்துல புகை தள்ளுது"ன்னு அவர் சொல்ற ஒரு வரி, டீசல் கலப்பு எங்கேர்ந்துங்கற கேள்விக்கு லேபை விட சீக்கிரம் பதில் தரும். அபராதம் போடுவீங்கன்னு தெரிஞ்சா அந்த வரியை அவர் எதுக்குச் சொல்லப் போறார்? சாம்பிள் பாட்டில்ல பாதி புது ஆயிலைக் கலந்து அனுப்புற வித்தையைத்தான் எல்லாரும் கத்துக்குவாங்க. அப்புறம் செட்டுல இருக்கற அத்தனை வண்டிக்கும் பச்சைத் தாள் வரும், அத்தனை இன்ஜினும் ரோட்டுல நிக்கும். தண்டனைக்குப் பயன்படுத்துனா அந்த டெஸ்டே செத்துப் போகும். முதலாளிகளே, உங்க நஷ்டம்தான்.

எங்க தெருக்காரர் கேஸ் என்னாச்சுன்னா, பயந்து போன முதலாளி அடுத்த தடவை 22,000 கிலோமீட்டர்லயே ஆயிலை மாத்துனார். நான் சொல்லி இந்தத் தடவை படிவத்தை முழுசா நிரப்பி அனுப்புனாங்க. சிலிக்கான் 8. அலுமினியம் 2. இரும்பு 65, அதாவது ஆயிரத்துக்கு அதே 3-தான். டிரைவர் அவரேதான், ரூட்டும் அதேதான். இதுல வேடிக்கை, ஏர் ஃபில்டரும் அதே பழைய ஃபில்டர்! அபராதம் போட்டாரே தவிர, அந்த ஃபில்டரை யாரும் மாத்தவே இல்ல.

மூணாவது மாசப் பிடித்தத்தை நிறுத்திட்டாங்க. பிடிச்ச பன்னெண்டாயிரம் இதை எழுதற வரைக்கும் திரும்பி வரல. கேட்டா "தீபாவளி போனஸ்ல பாத்துக்கலாம்"ங்கறாங்களாம். போனஸ் அவர் உரிமை, இது அவர் சம்பளம். ரெண்டும் ஒண்ணு இல்லீங்க அண்ணாச்சி. சிலிக்கானுக்கும் தூசிக்கும் வித்தியாசம் தெரியலைன்னாலும் பரவாயில்ல, இந்த வித்தியாசமாவது தெரியணும்.

பி.கு: லாரி வச்சிருக்கற, இல்ல மெக்கானிக்கல் படிச்ச பதிவர்கள் கணக்குல தப்பு இருந்தா தாராளமாச் சொல்லுங்க. "டிரைவர்னாலே இப்படித்தான்"னு ஆரம்பிக்கறவங்க மட்டும், முதல்ல உங்க கார் ஆயிலை எத்தனை கிலோமீட்டர்ல மாத்துனீங்கன்னு சொல்லிட்டு ஆரம்பிக்கவும்.